சுவரைத் தாங்கிய சித்திரம்

ஊருக்கு அடையாளம் தருவது தொழிலா, கலையா என்பது கேள்வி. எதிரணி நண்பர், "தொழில்தான்! சுவர் இருந்தால்தானே சித்திரம்?" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா, அமெரிக்காவிலே டெட்ராய்ட்னு ஒரு ஊர். கார் செஞ்சே பேர் வாங்கின ஊர். 1950இல் 18 லட்சம் ஜனம். தொழிற்சாலைகள் மூட மூட, மூட்டை கட்டிக் கிளம்பிட்டாங்க. 2010இல் மிச்சம் சுமார் 7 லட்சம். 2013இல் நகராட்சியே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது! (சிரிப்பு)

கடன்காரங்க கண்ணு எங்கே போச்சு? நகரத்துக்குச் சொந்தமான ஓவியங்கள் மேல! "வித்துக் காசாக்கு"ன்னாங்க. இந்தப் பக்கம், பென்ஷனை நம்பியிருக்கிற முதியவர்கள். பெரியவர் குடிக்கிற கஞ்சியா, சுவரிலே மாட்டின படமா? நியாயமான கேள்விதானே!

அந்த அருங்காட்சியகச் சுவரிலே மெக்சிகோ ஓவியர் டியகோ ரிவேரா 1932–33இல் யாரைத் தீட்டினார்? ராஜாவையா? கார் தொழிற்சாலையிலே வேர்வை சிந்துற தொழிலாளியை! உங்க தொழில் கைவிட்ட தொழிலாளியை எங்க கலை கைவிடலை! (கைதட்டல்)

2014இல் அறக்கட்டளைகள், மாநில அரசு, அருங்காட்சியகம் மூவரும் சேர்ந்து 20 ஆண்டுக் கணக்கில் 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்தார்கள். ஒரே பேச்சு: படத்தை விற்கக் கூடாது, பணம் பென்ஷனுக்கே போகணும். பலருக்குக் கொஞ்சம் வெட்டு விழுந்தது, மறுக்கலை. பெரிய வெட்டு தப்பியது.

சுவர் சரிஞ்சப்போ, சித்திரம்தான் ஐயா தாங்கிப் பிடிச்சது! ஆகவே, கலையே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.