முறைத்தண்ணீர்



மலேசியாவின் ராசாவில் நின்றுகொண்டு வறட்சியைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே தோட்டத்தில் வளர்ந்தவர்களில் மழையைத் திட்டாதவர் குறைவு. விடிகாலையில் மழை பிடித்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிடும், பால்வெட்டு நின்றுவிடும், அன்றைய கூலி போயிற்று. அந்தத் தொழிலாளியின் பாட்டனோ, இராமநாதபுரத்திலோ சேலத்திலோ மழை பெய்யாமல் கூலி இழந்து கப்பலேறியவராக இருப்பார். புக்கிட் தங்கா வளைவுகளைத் தாண்டினால் வரும் ஜெலுபுவைத் தீபகற்பத்தின் வறண்ட வட்டாரம் என்கிறோம். அங்கே பெய்வதில் ஏறத்தாழப் பாதிதான் இராமநாதபுரத்துக்கு வாய்க்கும். அந்தக் குறைந்த மழையை நம்பியும் இராமநாதபுரத்தில் நெல் விளைகிறது.

நெல்லைப் பற்றி நமக்குள்ள பெரிய மயக்கம், அது தண்ணீரில் நிற்க ஆசைப்படும் பயிர் என்பது. உண்மையில் அது தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் பயிர். வயலில் நீர் தேக்குவதன் பெரும்பயன், களையை அடக்குவது. மடகாஸ்கரில் ஆன்றி டி லோலானியே என்ற பாதிரியார் 1980களில் உருவாக்கிய முறை இதை நன்றாகக் காட்டியது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, களையைப் புரட்டி மண்ணுக்குள்ளேயே அமுக்க ஓர் உருளைக் கருவி. மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றிய பிறகே அடுத்த தண்ணீர், அதுவும் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில் உழவர் வயல்களிலேயே இதைச் சோதித்தபோது, ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கூடுதல் விளைச்சல் பதிவானது.

இதோ, மேசைமேல் ஒரு குழாய்த் துண்டு வைத்திருக்கிறேன். முப்பது சென்டிமீட்டர் நீளம், கீழ்ப்பாதி முழுக்கத் துளைகள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய எளிய கருவி இது. வயலில் புதைத்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் தரைக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கினால் பாய்ச்சலாம். முப்பது விழுக்காடு வரை தண்ணீர் மிச்சமாகும். விளைச்சல் குறையாது. ஆனால் தொண்டைக்கதிர் தொடங்கிப் பூத்து முடியும்வரை இந்த விளையாட்டு கூடாது. அப்போது காயவிட்டால் கதிர் பதராகும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? உழவரின் அறியாமை என்று அறிக்கைகள் எழுதும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்க்காலில் நாளை தண்ணீர் வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் இன்று வயலைக் காயவிடுவார். கடைமடைக்காரர் கிடைத்ததையெல்லாம் தேக்குவதற்குக் காரணம் பேராசை அன்று, பயம். பாண்டி நாட்டுக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். யார் வயலுக்கு எந்த நேரம் மடை திறப்பது என்பதை அவர்தான் பார்த்துக்கொள்வார். அதற்கு அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் இருந்தவரை முறைத்தண்ணீர் என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது. குழாயைக் கடையில் வாங்கலாம், முறையை எங்கே வாங்குவது?

சொட்டுநீருக்கும் இதே சோதனைதான். 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையில் தொழிலாக வளர்ந்த நுட்பம், இன்று கரும்புக்கும் காய்கறிக்கும் பயன்படுகிறது. ஆனால் மிச்சமான தண்ணீரில் உழவர் இன்னோர் ஏக்கர் நட்டுவிட்டால், நிலத்தடி நீர்மட்டம் முன்போலவே இறங்கும். உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக 2017-இல் கிறிஸ் பெர்ரியும் பாஸ்குவாலே ஸ்டெடூட்டோவும் பல நாட்டு அனுபவங்களைத் தொகுத்து, நவீன பாசனக் கருவிகள் வந்த இடங்களில் மொத்த நீர்ச்செலவு பெரும்பாலும் குறையவில்லை என்று காட்டினார்கள். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம். மோட்டாரை நிறுத்த உழவருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்?

ஆகவே கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். மிச்சம் எவ்வளவு என்று சொல்லும்போது, அந்தத் தண்ணீர் பிறகு யாரிடம் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைமடைக்கா, கிணற்றுக்கா, பக்கத்துக் கரும்புக்கா? அந்தப் பத்தி இல்லாத கட்டுரையைத் இந்த அமர்வின் தலைவன் என்ற முறையில் நான் கொஞ்சம் தொந்தரவு செய்வேன், மன்னிக்க வேண்டும்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். அதுவரை இந்தக் குழாயை முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். துளைகளில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை, சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.