ஊர்காண்டலும் ஊர்சூழ்தலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்து நிற்பது எளிதன்று. மாதந்தோறும் நாற்காலி எடுத்துப் போடுவோர் இருக்க வேண்டும். வந்து அமர்வோரும் இருக்க வேண்டும். எழுந்து போகாமல் கேட்போர் அதனினும் அரியர். இம்மூவரையும் பத்தாண்டுக் காலம் ஒருசேரப் பெற்ற இவ்வட்டத்தை மனமார வாழ்த்துகிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நடத்தல். அதிலும், பழந்தலைநகர் ஒன்றின் வீதிகளை, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, நின்று நின்று நடந்து காணுதல். இது மேனாட்டார் தந்த புதுவழக்கம் என்று சிலர் கருதக்கூடும். தமிழ் பயின்றோர் அவ்வாறு கருத இடமில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். முன்னே போய் வந்தவர் பின்னே வருவோர்க்கு வழி சொல்வதே ஆற்றுப்படையின் உயிர். எங்கே தங்கலாம், எவர் சோறிடுவர், எவ்வழியில் இடர் உண்டு என்பனவெல்லாம் அதில் அடங்கும். சிலப்பதிகாரமோ, ஊர்காண் காதை என்று தனியே ஒரு காதையையே வகுத்து வைத்திருக்கிறது. நகரை நடந்து காணும் கலைக்குத் தமிழில் பெயரும் உண்டு, இலக்கணமும் உண்டு.

எங்கள் கல்லூரியில் சிலம்பு நடத்துகையில் ஊர்காண் காதையை வகுப்பறைச் சுவருக்குள் வைத்து முடித்துவிடுவது எனக்கு உவப்பாயில்லை. ஆகவே முதுகலை மாணவியர் இருபதின்மருடன் மதுரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நடந்து கண்டோம். ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அவர்தம் சொல்வன்மையால் கல்லும் வாய் திறந்தது என்றால் மிகையன்று.

மதுரையின் அமைப்பு, நடப்பவர்க்கென்றே வகுத்தது போன்றது. நடுவே கோயில். மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதனைச் சூழ ஆவணி மூல வீதி, அதனைச் சூழ மாசி வீதி, புறத்தே வெளி வீதி. மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்தமையால், இங்கு நடப்பவர் இடத்தில் மட்டுமன்றிக் காலத்திலும் நடக்கிறார். இப்பெயர்களுள் ஒரு வரலாறும் உறைகிறது. முன்பு மாசியில் நிகழ்ந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். இன்று சித்திரையில் தேர் ஓடுவது மாசி வீதிகளில். அரசர் மாதத்தை மாற்றினார். மக்கள் வாய் வீதியின் பெயரை மாற்றவில்லை. கல்வெட்டு அழியும், ஆனால் மக்கள் நாள்தோறும் சொல்லிப் பழகிய பெயர் எளிதில் அழிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

கீழைக் கோபுரத்தின் எதிரே புதுமண்டபம். 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அது இன்றும் புதுமண்டபமே. திருமலை நாயக்கரும் அவர்தம் முன்னோரும் தூண்களில் உருவச்சிலைகளாய் நிற்கின்றனர். தையற்காரர்களும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் பன்னெடுங்காலம் அத்தூண்களுக்கிடையே தொழில் நடத்தினர். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிய பின்னர், மண்டபங்களில் கடைகள் இருப்பது பற்றிய எண்ணமே மாறியது. புதுமண்டபத்துக் கடைகளும் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. சிலைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது; தையல் எந்திரத்தின் ஓசை போயிற்று. இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் கிழக்கே, முடிவுறாத இராய கோபுரம். அடித்தளத்தின் பருமனைக் கண்டு, முடிந்திருந்தால் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று வியக்கலாம். அருகிலேயே ஏழுகடல் தெரு. காஞ்சனமாலை நீராட ஏழுகடலும் வந்து கூடியதாகப் புராணம் சொல்லும் இடம். இன்று அங்கே கடலுமில்லை, குளமுமில்லை, கடைகளே உள்ளன. பெயர் மட்டும் நனைந்திருக்கிறது.

அங்கிருந்து தெற்கே மகால் நோக்கிச் செல்கையில் விளக்குத்தூணும் பத்துத்தூணும் எதிர்ப்படும். விளக்குத்தூண், 1840-களில் கோட்டை மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்ப்பித்து நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது. மதில் இருந்த இடமே வெளி வீதி. அப்பணியில் ஈடுபட்ட மாரட் என்பவரின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இரு வீதிகளுக்கு வாய்த்தன. கட்டியவர்க்கே பெயர் நிலைக்கும் என்று எண்ணுகிறோம். இடித்தவர்க்கும் இங்கு வீதிகள் உண்டு.

பத்துத்தூணோ ஒரு சந்துக்குள், துணிக்கடைகளின் நெருக்கத்துக்கு நடுவே நிற்கிறது. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனை அத்துணைத் தொலைவு பரந்திருந்தது என்பதற்கு எஞ்சிய சான்று அது. பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையின் பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சென்றார். இன்று நாம் மகால் எனக் காண்பது எஞ்சிய ஒரு பங்கே. அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்க்கப் பெற்றமையால் நின்றது.

அன்பர்களே, இவ்வளவும் வழிகாட்டி சொன்னார், செவ்வையாகவே சொன்னார். பாண்டியர், நாயக்கர், ஆட்சியர், ஆளுநர், மேஸ்திரி வரை பெயர் கேட்டோம். அப்போது மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "ஐயா, புதுமண்டபத்தில் நாயக்கர் பக்கத்தில் நின்ற அரசியருக்கும் பெயர் இருக்கும் அல்லவா?" வழிகாட்டி சிரித்து, அடுத்த இடத்துக்கு நடந்தார். அவளுடைய வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஊர்காண் காதையை மீண்டும் நோக்குவோம். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரை புகுகிறான். கணிகையர் வீதி, மணி விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி எனக் கண்டு திளைத்து, மீண்டு வந்து நகரின் சிறப்பை அடிகளுக்கு எடுத்துரைக்கிறான். இன்றும் தெற்காவணி மூல வீதியில் பொன் மின்னுகிறது. விளக்குத்தூண் சூழலில் துணி குவிந்திருக்கிறது. கீழமாசி வீதியில் பலசரக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. இளங்கோ காட்டிய வீதிகளின் இடம் மாறியிருக்கலாம், வகை மாறவில்லை.

கண்ணகி எப்போது மதுரையின் வீதிகளைக் கண்டாள்? புறஞ்சேரியில் இருந்தாள், பின்னர் மாதரியின் மனையில் அடைக்கலமாய் இருந்தாள், சமைத்தாள், சிலம்பொன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் நகருள் நடக்கும் காதைக்குப் பெயர் ஊர்சூழ் வரி. எஞ்சிய சிலம்பைக் கையில் ஏந்தி, கணவன் கொலையுண்டான் என்று கேட்டு நடக்கும் நடை அது. அவள் கண்கள் பொன் வீதியைப் பார்க்கவில்லை. பெண்டிரையும் சான்றோரையும் தெய்வத்தையும் தேடின. ஆணுக்கு ஊர் காட்சியாயிற்று. பெண்ணுக்கு ஊர் வழக்காடும் களமாயிற்று. ஒரே நகர், ஒரே காப்பியம், இரு நடைகள்.

பின்னைய இலக்கியம் என் செய்தது? உலா என்னும் சிற்றிலக்கிய வகை பெருகியது. ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்க்கு உலாப் பாடினார்; மதுரைச் சொக்கநாதர்க்கும் உலா உண்டு. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிர் நின்று கண்டு மயங்குவர். உலாவில் நகர்பவன் ஆண், நிற்பவள் பெண். எழுபருவம் கடந்தும் அவளை ஓரடி நடக்க விட்ட உலா எத்தனை?

பெண் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நரைத்த கூந்தலுடைய முதுபெண்டிர் நறுமணப் பொருள்களை மனைதோறும் கொண்டு சென்று விற்கின்றனர். உழைப்பதற்குப் பெண் என்றும் நடந்தாள். காண்பதற்கு நடக்கும் உரிமையே அவளுக்கு எட்டாதிருந்தது. ஆற்றுப்படுத்துதற்குரியோராகத் தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநர் என்போரோடு விறலியையும் வைத்ததே, அவ்வழி பின்னர் எங்கே அடைபட்டது?

இது பெண்ணுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்நகரின் நடுநாயகமான கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் காலடி வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் வாயில் கடந்து சென்ற சில அடிகள், இந்நகரில் எந்த அரசனுடைய பவனியினும் நீண்ட நடை என்பேன். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி இல்லமொன்றில் தங்கியிருந்த காந்தியடிகள், ஏழை உழவனின் அரையாடையோடு வெளியே வந்து நடந்தார். யார், எவ்வுடையில், எதற்காக நடக்கிறார் என்பதைப் பொறுத்து வீதியின் பொருளே மாறிவிடும்.

விழாவிலும் ஒன்று எண்ணத்தக்கது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிடேகம் நிகழ்கிறது, மறுநாள் திக்குவிசயம். மாசி வீதிகளில் அம்மை எண்டிசைக் காவலரையும் வெல்லப் புறப்படுகிறாள். திருமணம் அதற்குப் பிறகே. முதலில் முடி, பின்பு நடை, அதன்பின் மாலை. தெய்வத்துக்கு இவ்வரிசையை வகுத்த நகர், தன் பெண்மக்களுக்கும் அதனை வழங்கியிருக்கிறதா?

பத்துத்தூணின் அடியில் நிற்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாணவியருள் ஒருத்தி தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், கை எட்டவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மா இருபது வருசமாக் கீழச்சித்திரை வீதியில மல்லிகைப்பூ விக்கிறாங்க. இந்தத் தூணைப் பார்த்ததில்ல." நடந்தால் சிறிது நேரத்தில் சேரும் தொலைவே. ஆனால் கூடையை யார் பார்த்துக்கொள்வார்?

அடுத்த மாத நடைக்கு அந்த அம்மையாரும் வந்தார். முதலில் கூட்டத்தின் கடைசியில் நின்றார். சித்திரை வீதிக்குத் திரும்பியதும் அவர் முன்னே வந்துவிட்டார். எந்த மண்டபப் படியில் எத்தனை மணிக்கு நிழல் விழும், வெயில் காலத்தில் எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தண்ணீர் தருவார், தேரன்று எந்த மூலையில் நெரிசல் கூடும் என்றெல்லாம் சொன்னார். எங்கள் வழிகாட்டி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தப் பெரியவரின் மேன்மை அதில் விளங்கியது. எங்கே தங்கலாம், எவர் தண்ணீர் தருவர், எவ்வழியில் இடர் உண்டு என்பன ஆற்றுப்படைச் செய்திகள் அல்லவா? பல நூற்றாண்டுக்குப்பின் விறலி ஒருத்தி வழி சொல்லக் கேட்டோம் என்றே நான் கருதுகிறேன்.

தலைநகர் என்பது அரசன் இருந்த இடம் என்று அகராதி சொல்லும். அரசர் திருச்சிக்குப் போனார், தூண்களையும் எடுத்துப் போனார், மதுரை போகவில்லை. அரசர் பெயர்ந்த பின்னும் அன்றாடம் நடந்தவர்களே அதனை நகராக வைத்திருந்தனர். அவர்களுடைய பெயர்களையும் சொல்லாத நடை, முடிவுறாத இராய கோபுரம் போன்றதே. அடித்தளம் பெரிது, மேலே ஒன்றுமில்லை.

ஆகவே இங்கிருக்கும் கவிஞர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். நம் பழநகர்களைப் பற்றி நாம் நிறையப் பாடியிருக்கிறோம். பெரும்பாலும் அமர்ந்து பாடியிருக்கிறோம். இனி நடந்து பாடுங்கள். உங்கள் தாயாரை, மனைவியை, மகளை வீட்டில் இருத்திவிட்டுப் போகாதீர்கள்; அவர்கள் நின்று பார்க்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். பெண்பாற் கவிஞர்களுக்கோ நான் வேண்டுவது வேறு. எழுபருவ மகளிரும் மாடத்தினின்று இறங்கி வீதியில் நடக்கும் ஓர் உலாவை நீங்கள் பாட வேண்டும். பேதை கைவீசி ஓடட்டும். பேரிளம்பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னே நடந்து வழி காட்டட்டும். அவ்வுலா இவ்வட்டத்தின் மேடையில் அரங்கேறுமாயின், கேட்க வரும் முதல் ஆள் நானாக இருப்பேன்.