வான்வழித் தூரமும் வீடு சேரும் நேரமும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஊர் நினைவு வந்தவுடன் எழும் வினா, "எத்தனை மணியில் போய்ச் சேரலாம்?" என்பதே. சித்தூரிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டுத் தலைநகர் வந்தவன் நான். அவ்வினாவிற்கு விடை காணும் முறையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

சித்தூர் நகரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. மாநிலத்திற்குள் அண்மையில் உள்ளது, ரேணிகுண்டாவில் அமைந்த திருப்பதி விமான நிலையமே. அங்கிருந்து சித்தூருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சென்னையிலிருந்தோ சுமார் 155 கிலோமீட்டர். இவ்விரு எண்களையும் பார்ப்போர் ரேணிகுண்டாவையே தேர்ந்தெடுப்பர். நானும் ஒருமுறை அவ்வாறே செய்தேன்.

இனி, வான்வழிக் கணக்கினைப் பார்ப்போம். ஐதராபாத்திலிருந்து ரேணிகுண்டாவிற்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சுழல்விசிறி விமானம் ஐம்பது நிமிடத்தில் அதனைக் கடந்துவிட வேண்டும். ஆயினும் அட்டவணையில் ஒன்றேகால் மணி அளவில் குறிக்கப்படுகிறது. காரணம் யாது? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், இறங்கி மீண்டும் ஓரிடத்தில் நிற்கும் வரை உள்ள முழுப் பொழுதும் பயண நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல மேலேறுவதும், முறைக்குக் காத்துத் தாழ்வதும் அதனுள் அடங்கும். தூரம் குறைந்தாலும் இப்பொழுது அவ்வளவாகக் குறைவதில்லை. சென்னைக்கும் ரேணிகுண்டாவிற்கும் நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கும் குறைவே. இத்துணைச் சிறு தொலைவிற்கு ரயிலும் பேருந்துமே உகந்தவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அட்டவணையில் காணாத நேரம் மற்றொன்று உண்டு; அது காத்திருக்கும் நேரம். என் தந்தையார் கவலைக்கிடமாக இருப்பதாகச் செய்தி வந்த நாளில், காலை பத்து மணியளவில் தில்லியிலிருந்து புறப்படும் விமானங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நேரே சென்னைக்கு, மற்றது ஐதராபாத்திற்கு. ரேணிகுண்டா வீட்டிற்கு அருகில் என்ற ஒன்றையே கருதி ஐதராபாத் வழியைக் கொண்டேன். அங்கே அடுத்த விமானத்திற்காக நான்கு மணி நேரம் அமர்ந்திருந்தேன். வீட்டை அடைந்தபோது இரவு எட்டு மணியை நெருங்கிவிட்டது. தந்தையார் கண் விழித்திருந்தார், பேச்சு நின்றிருந்தது. மாலை ஐந்தரை மணி வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார் என்றும், என்னை இருமுறை கேட்டார் என்றும் அன்னையார் சொன்னார். சென்னை வழியே சென்றிருப்பின் ஐந்து மணிக்குள் அவர் அருகில் இருந்திருப்பேன்.

யாரையும் குறை கூற இதனைச் சொல்லவில்லை. கணக்கில் பிழை செய்தவன் நானே. ஆதலின், தொலைவில் வாழும் அன்பர்களே, ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் இக்கணக்கைப் போட்டு வையுங்கள். உங்கள் வாயிலிலிருந்து விமான நிலையம், வானில் செல்லும் நேரம், இடையில் காத்திருப்பது, இறங்கியபின் சாலை ஆகிய நான்கினையும் ஒவ்வொரு வழிக்கும் கூட்டிப் பாருங்கள். அவசரச் செய்தி வரும் வேளையில் கூட்டல் கணக்கிற்கு மனம் ஒருமைப்படுவதில்லை. அருகில் இறங்குவது வேறு. விரைவில் சேர்வது வேறு.