நித்திரை வராத இரவுகள்

(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



  வழக்கமாக வார்டுகளின் செய்தியைச் சொல்லுவோம். இன்று எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லப் போகிறோம். கணவனும் மனைவியுமாய்ப் பேசி, சொல்லலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகே இங்கே நிற்கிறோம்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய எட்டு வருடங்கள் சரியாய்த் தூங்கவில்லை. ஒரே அறையில், ஒருவரை ஒருவர் எழுப்பிவிடக் கூடாதென்று, இருவருமே தூங்குவதுபோலப் படுத்திருப்போம். இரண்டு மணி அடிப்பதையும் கேட்போம், மூன்று மணி அடிப்பதையும் கேட்போம். பகலில் வார்டுக்குப் போய், "ஒன்றுக்கும் கவலைப்படாமல் தூங்குங்கள்" என்று நோயாளிகளுக்குச் சொல்லுவோம். இரவில் ஆளுக்கு அரை மாத்திரை விழுங்குவோம். ஒரு மருத்துவர் எப்போதோ ஒரு மாதத்திற்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதைக் காட்டியே பக்கத்து ஊர்க் கடையில் வருடக்கணக்காய் வாங்கினோம். நம்முடைய மருந்தகத்தில் கேட்க வெட்கம். பிறருக்குச் சமாதானத்தைப் பிரசங்கிக்கிற வீட்டில் தூக்க மாத்திரையா என்று ஜனங்கள் கேட்பார்களே என்ற பயம்.

2019 ஜனவரியில் தென் கொரியாவுக்குப் போனோம். எங்கள் மகன் சுவோன் நகரத்தில் பொறியாளராய் வேலை செய்கிறான். சியோலுக்குத் தெற்கே, ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இருக்கிற ஊர். நள்ளிரவு தாண்டியும் சமையலறை விளக்கு எரிவதை அவன் பார்த்தான். "மூன்றரை மணி நேர வித்தியாசம், உடம்பு பழகவில்லை" என்றோம். இரண்டு வாரம் கழிந்தது. "அப்பா, நேர வித்தியாசம்னு இன்னும் எத்தனை நாள் சொல்வீங்க? அம்மா கண்ணைப் பாருங்க" என்றான். எங்களிடம் பதில் இல்லை.

தூக்கத்தைத் தொலைத்தவர்கள் அந்த நாட்டிலும் ஏராளம். "நான்கு மணி நேரம் தூங்கினால் தேறுவாய், ஐந்து மணி நேரம் தூங்கினால் தோற்பாய்" என்று கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. வாரத்திற்கு 68 மணி நேரம்வரை வேலை வாங்கலாம் என்றிருந்ததை 52 மணியாகக் குறைக்க 2018-இல்தான் சட்டம் வந்தது. ஆகவே, எங்களுக்காக மகன் தேடிக் கொடுத்த மருத்துவருக்கு எங்கள் கதை புதிதல்ல.

அவர் கொரியப் பாரம்பரிய மருத்துவம் கற்றவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். அந்த மருத்துவத்தை அவர்கள் ஹனுய்ஹாக் என்கிறார்கள். அதை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1951-இல் வந்த சட்டமே அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் படித்து, அரசுத் தேர்வு எழுதியே பட்டம் பெறுகிறார்கள். அக்குபஞ்சர் சிகிச்சைக்கு 1987 முதல் அரசுக் காப்பீடும் உண்டு. இந்த மருத்துவத்தின் பெரிய நூல், அரச வைத்தியர் ஹோ ஜுன் தொகுத்த டொங்குய் போகாம். ஜப்பானியப் படையெடுப்பினால் நாடு பாழாய்க் கிடந்த நாளில், 1596-இல், அரசர் கட்டளையிட்டார். 1610-இல் முடிந்து, 1613-இல் 25 புத்தகங்களாய் அச்சேறியது. யுத்தத்தில் நொந்த ஜனங்களுக்காக எழுதப்பட்ட அந்த நூலில் தூக்கத்துக்கும் கனவுக்கும் தனி அதிகாரமே இருக்கிறது.

அந்த அம்மையார் உடனே மருந்தை எடுக்கவில்லை. பார்த்தல், கேட்டல், விசாரித்தல், நாடி பிடித்தல் என்ற நான்கும் அவர்களுடைய முறை. நாக்கைப் பார்த்தார். இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார். சாப்பாடு செரிக்கிறதா, கை கால் குளிர்ந்துபோகிறதா, இராத்திரி வியர்க்கிறதா, மார்பில் ஏதோ அடைத்ததுபோல் இருக்கிறதா என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார். மகனுடைய சிநேகிதி ஒருத்தி மொழிபெயர்த்தாள். கடைசியில் அவர் கேட்டது: "எந்தக் கோபத்தை விழுங்கி வைத்திருக்கிறீர்கள்?"

கொரிய மொழியில் ஹ்வாப்யொங் என்றொரு வார்த்தை உண்டு. நெருப்பு நோய் என்று பொருள். வெளியே சொல்ல முடியாத கோபத்தையும் துக்கத்தையும் வருடக்கணக்காய் அடக்கினால் மார்பில் சூடு, படபடப்பு, அடைப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும் என்கிறார்கள். குடும்பத்துக்காகப் பொறுத்துப் பொறுத்தே நடுவயதைக் கடந்த பெண்களிடம் இதை அதிகம் காண்கிறார்களாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலும் 1994-இல் இந்தப் பெயரைக் குறிப்பிட்டது.

எங்கள் நெருப்பு எது என்று எங்களுக்குத் தெரியும். 2011-இல் தகப்பனாருடைய நிலம் பங்கிடப்பட்டது. இரண்டு ஏக்கர் முப்பது சென்ட். அந்த நாளில் அண்ணனும் அண்ணியும் சொன்ன சில வார்த்தைகள். வழக்குப் போடவில்லை, சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். "நாங்கள் மன்னித்துவிட்டோம்" என்று சபையார் முன் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வார்த்தைகள் எழுந்து நிற்கும். பாஷை தெரியாத ஓர் ஊரில், முன்பின் அறியாத ஓர் அம்மையார் முன்னால், இருவரும் அழுதோம்.

பிறகு சிகிச்சை. வாரம் இரண்டு முறை அக்குபஞ்சர். மணிக்கட்டின் மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக ஓர் இடம் உண்டு. அதற்கு ஷின்முன், அதாவது ஆவியின் வாசல் என்று பெயர். மெல்லிய ஊசி, எறும்பு கடித்ததுபோல் இருக்கும். அதோடு, சிறு பைகளில் அடைத்த கறுப்புக் கஷாயம். அதில் முக்கியமானது சன்ஜோயின் என்கிற விதை. நம் இலந்தையின் உறவினமான ஒரு காட்டு மரத்தின் விதையை வறுத்துச் சேர்க்கிறார்கள். அந்தக் கஷாயத்தில் வழக்கமாக அதிமதுரமும் சேரும். எங்களில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் என்று கேட்டதும் அதை நீக்கிவிட்டார். அதிமதுரம் அழுத்தத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையைப் பற்றியும் கண்டிப்பாய்ச் சொன்னார்: "ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போய் உங்கள் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையுங்கள்."

மருந்தைவிட அவர் அழுத்திச் சொன்னது படுக்கைப் பழக்கங்களைத்தான். எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும்.

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரமே முக்கியம். எவ்வளவு மோசமான இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். மகன் வீட்டருகே இருந்த சபையில் காலை ஐந்து மணிக்கு ஜெபம். உறைபனியில் வயதான அம்மாமார் நடந்து வருவார்கள். அவர்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவர்கள் என்று பிறகுதான் அறிந்தோம். அவர்களோடு போகத் தொடங்கியதில் எங்கள் எழும் நேரம் நிலைப்பட்டது.

படுக்கை தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிடம்போல் கடந்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாய் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் போக வேண்டும். மணி பார்க்கக் கூடாது. கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றினோம். கைப்பேசிக்கும் அங்கேதான் இடம்.

காப்பி, தேநீர் மதியத்தோடு சரி. உடம்பில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பி பதினொரு மணிக்கும் நம்மோடு விழித்திருக்கும்.

தலை குளிர்ச்சியாய், பாதம் சூடாய் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, 40 டிகிரி வெந்நீரில் கணுக்காலுக்கு மேல்வரை பாதங்களை வைத்துக் கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். பாதத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் உட்சூடு வெளியேறும். உட்சூடு தணியும்போது தூக்கம் வரும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது; கொப்புளித்தாலும் தெரியாது.

சாயங்காலத்தில் ஒரு நோட்டில் கவலைகளை எழுதி, நாளைக்குச் செய்யக்கூடியது எது என்று ஒரு வரி சேர்த்து, மூடி வைக்க வேண்டும். படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது.

எங்களுக்குச் சுகம் கொடுத்தது எது? உண்மையைச் சொல்ல வேண்டும். தூக்கமின்மைக்கான அக்குபஞ்சரைப் பற்றிய 33 ஆய்வுகளை 2012-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், ஆம் என்றும் இல்லை என்றும் உறுதியாய்ச் சொல்ல அவை போதாது என்றார்கள். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக மனதையும் படுக்கைப் பழக்கங்களையும் சீர்ப்படுத்தும் சிகிச்சையையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016-இல் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது. ஊசி எங்களை அமைதிப்படுத்தியது, கஷாயம் உதவியிருக்கலாம். பழக்கங்கள் நிச்சயமாய் உதவின. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கால் மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து கேட்டாரே, அது உதவியது.

நோட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரே கவலைதான் வந்தது. ஒன்பதாவது நாள், "நாளைக்குச் செய்யக்கூடியது" என்ற இடத்தில், "அண்ணனுக்குக் கடிதம்" என்று எழுதினோம். நிலத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எட்டு வருடம் பேசாமல் இருந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டோம். அன்றிரவு நன்றாய்த் தூங்கினோம் என்று சொன்னால் பொய். பதில் என்ன வருமோ என்று விழித்திருந்தோம். இரண்டு மாதம் கழித்து, ஊர் திரும்பிய பிறகு, அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "தம்பி, உடம்பு எப்படி இருக்கு?" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அது போதுமானதாயிருந்தது.

அதற்குப் பிறகு நம் மருத்துவமனையிலேயே மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் நகைக்கவில்லை. நான்கு மாதத்தில் மாத்திரை படிப்படியாய் நின்றது. இன்றும் எல்லா இரவும் நல்ல இரவல்ல. ஆனால் தூங்குவதுபோல நடிப்பதில்லை. ஒருவர் விழித்தால் மற்றவரை மெதுவாய்த் தொட்டுச் சொல்லுகிறோம்.

உங்களில் யாருக்காவது வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதமாய் இப்படி இருக்குமானால், மருத்துவரிடம் வாருங்கள். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுகிறவர்களும், வாழ்வே வெறுத்துப்போனவர்களும் தாமதிக்கவே வேண்டாம். கொரிய மூலிகை என்று கடையில் விற்கும் பொடிகளை வாங்க வேண்டாம். ஒரே இனந்தானே என்று வீட்டு இலந்தைக் கொட்டையை இடித்துக் குடிக்கவும் வேண்டாம்! தூக்கம் வராதது விசுவாசக் குறைவு அல்ல. அதை மறைத்து வைத்ததால்தான் எங்களுக்கு எட்டு வருடம் ஆயிற்று.

நோயாளியின் அருகே ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து கேட்பதற்கு நேரம் வேண்டும். உங்கள் காணிக்கை இங்கே வாங்கித் தருகிறவற்றில் அந்த நேரமும் ஒன்று.  இன்று இரவு உங்கள் ஒவ்வொருவருக்கும் கர்த்தர் நல்ல நித்திரையைத் தருவாராக.