ஒரு தெருவும் ஒரு கடற்கரையும்



இன்றைய பேச்சு ஸ்காட்லாந்து ஓவியர் ஜோன் ஏர்ட்லியைப் பற்றியது. 42 வயது வரைதான் வாழ்ந்தார். அவர் பேர் சொல்லும் படங்கள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் பிறந்தவை. ஒன்று, கிளாஸ்கோ நகரின் டவுன்ஹெட் பகுதி. ஏழை எளியவர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். மற்றொன்று, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், பாறைச் சரிவின் உச்சியில் ஒரு வரிசை வீடுகளோடு நிற்கும் காட்டர்லைன் என்ற மீனவ ஊர். ஒரு தெரு, ஒரு கடற்கரை. அந்தச் சின்ன வட்டத்தை விட்டு நகராமல் நின்றதால்தான் அவர் பெரிய ஓவியரானார் என்பதே இந்த மேடையில் சொல்ல வந்த செய்தி.

ஏர்ட்லி பிறப்பால் இங்கிலாந்துக்காரர். 1921 மே 18 அன்று சசெக்ஸ் மாவட்டத்தின் வார்ன்ஹம் கிராமத்தில், பால்பண்ணை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயுவுக்கு ஆளான தந்தை, அதன் பிறகு மனச்சோர்விலிருந்து மீளவே இல்லை. 1929இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகளையும் தாய் லண்டனில் வளர்த்தார். அடுத்த உலகப்போர் வந்தபோது குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1940இல் ஜோன், கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சேர்ந்தார். ஹியூ ஆடம் கிராஃபோர்ட் என்ற நல்லாசிரியர் அங்கே வாய்த்தார். 1943இல் பட்டயம் பெற்ற கையோடு, தன்னையே வரைந்த படத்துக்காகப் பரிசும் பெற்றார்.

பரிசு பெற்ற மாணவி அடுத்துப் போய்ச் சேர்ந்த வேலை தச்சுப் பட்டறையில் கையாள் வேலை. போர்க்காலம் அது. மரம் சுமந்தார், அறுத்தார், மிச்ச நேரத்தில் வரைந்தார். 1948இல் உதவித்தொகை ஒன்று அவரை இத்தாலிக்கு அழைத்துப் போனது. ஜோத்தோ, மசாச்சோ போன்ற பழைய மேதைகளின் சுவரோவியங்களை நின்று நிதானமாகப் பார்த்தார். ஆனால் அவருடைய கை வரைந்தது யாரை? தெருவோரப் பிச்சைக்காரர்களை, உழைத்து ஓய்ந்த கிழவிகளை. பளிங்கு மாளிகைகள் நிறைந்த ஊரிலும் அவருடைய கண் போன திசை அதுதான்.

ஊர் திரும்பியதும் கிளாஸ்கோவின் நடுவே, கொஞ்ச காலத்தில் டவுன்ஹெட் செயின்ட் ஜேம்ஸ் ரோட்டில், ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் ஓவியக்கூடம் அமைத்துக்கொண்டார். கீழே பழைய இரும்புக் கடை. சுற்றிலும் கரி படிந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு அறைகள். அதனால் பிள்ளைகளுக்குத் தெருதான் முற்றம். சுண்ணாம்புக் கட்டியால் சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தெருவில் ஒரு பழைய குழந்தை வண்டியில் வண்ணங்களையும் தாள்களையும் போட்டுத் தள்ளிக்கொண்டு போகும் பெண்ணை எல்லாரும் அறிவார்கள்.

குழந்தைகள் மாடியேறி வரத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பத்தில் மட்டும் 12 பிள்ளைகள். அவர்கள் மாறி மாறி வந்து உட்காருவார்கள். காமிக்ஸ் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே கதை பேசுவார்கள். மிட்டாயோ சில்லறையோ கிடைக்கும். ஏர்ட்லி அவர்களை அசையாதே என்று அதட்டி நிறுத்தவில்லை. அசைகிற பிள்ளையை அசைவோடு பிடிப்பதுதான் அவர் வேலை.

இங்கேதான் பாஸ்டல் அவருக்குக் கைகொடுத்தது.

பாஸ்டல் என்பது வண்ணப்பொடியை, கட்டிப்பிடிக்கப் போதுமான அளவு மட்டும் பசை சேர்த்துக் குச்சியாக உருட்டி எடுத்தது. எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது, காயக் காத்திருக்க வேண்டியதும் கிடையாது. கோடும் நிறமும் ஒரே இழுப்பில் விழும். குச்சியின் முனையால் இழுத்தால் கண்ணிமை. அதையே படுக்கவைத்துத் தேய்த்தால் கம்பளிச் சட்டை முழுதும் முடிந்துவிடும். ஒரு பெண்குழந்தை தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்துக்கு எண்ணெய் வண்ணம் ஈடுகொடுக்காது, பாஸ்டல் கொடுக்கும். ஆனால் பொடி என்பதால் வழவழப்பான தாளில் நிற்காது, உதிர்ந்துவிடும். சொரசொரப்பான பரப்பு வேண்டும். ஏர்ட்லி பல படங்களுக்குத் தேர்ந்தெடுத்தது உப்புத்தாள். தச்சர்கள் மரத்தைத் தேய்த்து மெருகேற்றுகிற அதே தாள்தான். அதன் துகள்கள் வண்ணத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அழுத்தி இழுத்த இடத்தில் சிவப்பு கனமாக நிற்கும். லேசாக வருடிய இடத்தில் தாளின் நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அழுக்குப் படிந்த கன்னத்துக்கும் கிழிந்த கம்பளிக்கும் அதைவிடப் பொருத்தமான பரப்பு ஏது?

வறுமையை வரைகிறவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. பார்க்கிறவன் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். ஏர்ட்லியின் படங்களில் அந்த உச்சுக்கொட்டலுக்கு இடமில்லை. மாறுகண் உள்ள சிறுமி மாறுகண்ணோடேயே நம்மை நேராகப் பார்க்கிறாள். பல் விழுந்த பையன் வாய் நிறையச் சிரிக்கிறான். அக்காவின் தோளில் தங்கை சாய்ந்திருக்கும் விதத்தில், அந்த வீட்டில் யார் யாரை வளர்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. இவர்களுடைய பெயரும் வீடும் சண்டையும் அறிந்த ஒருவர் வரைந்த படங்கள் இவை. மேலும் மேலும் அங்கேயே இருந்ததால் சுவரும் அவருக்குப் பாத்திரமானது. 1960களின் தொடக்கத்தில் அவர் வரைந்த, சுண்ணாம்புக் கட்டிக் கிறுக்கல் நிறைந்த சுவர்ப் படங்களில், பிள்ளைகள் கிறுக்கிய எழுத்துகள் அப்படியே வருகின்றன. செய்தித்தாள் துண்டும் பளபளக்கும் உலோகத்தாளும் வண்ணத்தோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. தெருவை வரைந்தவர் தெருவின் பொருளையே படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

இனி கடற்கரைக்கு வருவோம்.

1950 வாக்கில் அபர்டீன் நகரில் அவருடைய படங்கள் காட்சிக்கு இருந்தபோது அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. தேறி வந்தபோது தோழி ஒருவர் காரில் ஏற்றிக் கடலோரமாக அழைத்துப் போனார். அப்படிக் கண்ணில் பட்டதுதான் காட்டர்லைன். மேலே வரிசையாகச் சின்ன வீடுகள். கீழே அரைவட்ட விரிகுடா, ஒரு கல் படகுத்துறை, சில படகுகள், கம்பங்களில் காயும் சால்மன் வலைகள். பின்புறம் ஓட்ஸ் வயல்கள். அவர் அங்கே மண் தரையோடு, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு குடிசையைப் பிடித்தார். அதன் பிறகு சாகும்வரை அவருடைய வாழ்க்கை கிளாஸ்கோவுக்கும் காட்டர்லைனுக்கும் நடுவே போய்வருவதாக ஆனது.

மற்றவர்கள் கோடையில் கடற்கரைக்குப் போவார்கள். ஏர்ட்லிக்குப் பிடித்தது குளிர்காலப் புயல். அவர் கிளாஸ்கோவில் இருக்கும்போது கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் ஊரிலிருந்து தகவல் போகும். கிளம்பி வந்துவிடுவார். கரையில் நின்று வரைவார். நான்கடி, ஆறடி ஹார்ட்போர்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, தாங்கியைக் கயிறு கட்டிக் கல் வைத்து நிறுத்துவார். அலையின் துளிகள் படத்தின் மேலேயே தெறிக்கும். படம் முடியாவிட்டால் அதே வானிலை திரும்ப வரும்வரை காத்திருப்பார்.

1961இல் வரைந்த ‘அலை’ என்ற படம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏறத்தாழ நான்கடி உயரம், ஆறடிக்குச் சற்றே அதிகமான அகலம். எண்ணெய் வண்ணத்தோடு மணல் பருக்கைகளும் கலந்திருக்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால் பழுப்பும் வெள்ளையும் சாம்பலும் ஒன்றன் மேல் ஒன்றாக அறைந்து வைத்த பரப்பு. வழிந்த வண்ணம் வழிந்தபடியே விட்டிருக்கிறது. நாலடி பின்னால் வந்தால் ஒரு பெரிய அலை எழுந்து கரையை நோக்கி வருகிறது. அதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பால் அமெரிக்க ஓவியர்கள் வண்ணத்தை வீசியும் வழியவிட்டும் அருவ ஓவியம் படைத்தார்கள். ஏர்ட்லியின் வண்ணத்திலும் அந்தச் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் அவருடைய ஒவ்வொரு வீச்சுக்கும் எதிரே ஓர் உண்மையான அலை நின்றது.

வயல்களில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். 1960இல் வரைந்த ‘விதை முற்றிய புற்களும் டெய்சிப் பூக்களும், செப்டம்பர்’ என்ற படத்தில், காய்ந்த புல்லும் விதைக்கதிரும் ஈர வண்ணத்தில் பதிந்து கிடக்கின்றன. அந்தப் படத்தின் ஒரு பகுதி, அந்த வயலேதான்.

இங்கேயும் பாஸ்டல் அவர் கையை விட்டுப் போகவில்லை. மேகம் நொடிக்கு நொடி மாறும் அந்தக் கரையில் படகையும் வயலையும் அந்தி வானத்தையும் வேகமாகப் பிடிக்க அதே குச்சிகள் உதவின. கிளாஸ்கோ குழந்தையிடம் கற்ற வேகம் காட்டர்லைன் வானத்துக்குப் பயன்பட்டது. அவருடைய இரண்டு இடங்களும் இரண்டு தனிக் கதைகள் என்று விமர்சகர்கள் பிரித்துப் பேசுவதுண்டு. கையின் கணக்கில் பார்த்தால் அவை ஒன்றுதான். நிற்காமல் ஓடுகிற ஒன்றின் எதிரே விடாமல் காத்திருப்பது, அவ்வளவுதான் அவருடைய தொழில்.

காட்டர்லைனில் இருக்கும்போது ஊரைவிட்டு வெளியே போவதே அரிது, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறேன், ஒன்றைக் கூடுதலாக அறிய அறிய அதிலிருந்து கூடுதலாகக் கிடைக்கிறது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். இதற்குச் சான்று அவர் படங்கள். அதே வீட்டு வரிசை பனியில் ஒருமுறை, அறுவடையில் ஒருமுறை, புயலுக்கு முந்திய மஞ்சள் ஒளியில் ஒருமுறை. ‘குளிர்காலத்தில் காட்டர்லைன்’ படத்தில் அந்த வீடுகள் சரிவின் உச்சியில் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்க, மேலே வெளிறிய வட்டம் ஒன்று தொங்குகிறது. அந்தச் சரிவில் எத்தனையோ நாள் ஏறி இறங்கிய கால்களுக்குத்தான் அந்தச் சாய்வு தெரியும்.

அங்கீகாரம் மெல்ல வந்தது. பிறகு விரைந்து வந்தது. 1955இல் ஸ்காட்லாந்தின் ராயல் அகாடமி அவரை இணை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. 1963இல் முழு உறுப்பினர் ஆக்கியது. அதே ஆண்டு லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்தது. அப்போது மார்பகப் புற்றுநோய் அவர் உடலில் பரவியிருந்தது. வலியோடும் கடற்கரைக்குப் போனார். 1963 ஆகஸ்ட் 16 அன்று மறைந்தார். அஸ்தி, காட்டர்லைன் கரையில் தூவப்பட்டது. கிளாஸ்கோ ஓவியக்கூடத்தில் ‘இரண்டு குழந்தைகள்’ என்ற பெரிய படம் முடியாமல் நின்றது. இன்று அது அந்த நகரின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

டவுன்ஹெட்டின் பழைய குடியிருப்புகள் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பிள்ளைகளின் சுவர்களும் சுண்ணாம்புக் கிறுக்கல்களும் இனி இந்தப் படங்களில்தான் வாழ்கின்றன. 2016 டிசம்பரில் தொடங்கி ஸ்காட்லாந்து தேசிய நவீனக் கலைக் காட்சியகம் அவருக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அது எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டு இடங்கள் மட்டுமே. 2021இல் நூற்றாண்டு வந்தபோது நாடெங்கும் அவர் படங்கள் மீண்டும் சுவரேறின.

‘வட்டார ஓவியர்’ என்று ஒருவரைக் குறிப்பிடும்போது நம் குரல் தானாகவே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. தலைநகரத்துக்குப் போகாதவர், உலகம் சுற்றாதவர் என்ற இரக்கம் அதில் கலந்துவிடுகிறது. ஏர்ட்லிக்கு லண்டன் தெரியும், இத்தாலி தெரியும். எல்லாம் தெரிந்த பிறகு அவர் தேர்ந்தெடுத்தது ஒரு தெருவையும் ஒரு கடற்கரையையும்.

எனவே இந்த அவையில் இருக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களுக்கு ‘அலை’யையும் ‘இரண்டு குழந்தைகள்’ படத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தை, அது பேருந்து நிறுத்தமோ மீன் சந்தையோ வீட்டுக் கொல்லையோ, ஒரு வருடம் முழுக்க விடாமல் வரையட்டும். பாஸ்டல் வாங்க வசதியில்லை என்றால் பள்ளிக்கூடத்து வண்ணச் சாக்குக்கட்டி போதும். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வருட முடிவில் அந்தப் படங்களை இந்த மண்டபத்திலேயே காட்சிக்கு வைக்க அமைப்பின் தலைவர் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அனைவர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.