கறிவேப்பிலையும் கிள்ளுக்கீரையும்

(பள்ளிகொண்டாவில் தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மனக்குறையோடுதான் வருகிறார்கள். சம்பள பாக்கி, லீவு, ஓவர்டைம் எல்லாம் பிறகு வரும். முதலில் வாயில் வருவது, "மாடாய் உழைத்தேன் தோழர், ஓடாய்த் தேய்ந்தேன், கடைசியில் கறிவேப்பிலை மாதிரித் தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்பதுதான். இன்றைக்கு அந்தச் சொற்களைப் பற்றியே பேசலாம் என்று எழுந்திருக்கிறேன். சொல்லில் என்ன கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். சம்பளப் பட்டியலில் ஒரு சொல் மாறினால் ரூபாய் மாறுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாட்டின் கதை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்வரை ஏர் இழுக்கிறது, வண்டி இழுக்கிறது. செத்த பிறகு அதன் தோல் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் போகிறது. பூட்ஸாகிக் கப்பல் ஏறுகிறது. மாடாய் உழைத்தேன், செருப்பாய்த் தேய்ந்தேன் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு உவமை. நமக்கு அது தொழில். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: தோலைத் தொட்டவன் கை தீட்டு என்றார்கள். தோல் விற்ற பணத்தை யாரும் தீட்டு என்று சொன்னதில்லை!

கறிவேப்பிலைக்கு வருவோம். குழம்புக்கு வாசனை கொடுப்பதும் அதுதான், இலை ஓரத்தில் ஒதுக்கப்படுவதும் அதுதான். பொருத்தமான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதை எப்போது சொல்கிறோம்? எறிந்த பிறகு சொல்கிறோம். "எறிந்துவிட்டான்" என்று முடிந்துபோன விஷயமாகத்தான் சொல்கிறோம். "எறியப் போகிறான்" என்று முன்கூட்டிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்ற பழமொழியும் இதே ஜாதிதான். கரையேறிய பிறகு சொல்லும் புலம்பல். (பாலாற்றை இப்போது பெரும்பாலும் நடந்தே கடக்கலாம். அது தனித் துக்கம்.)

இன்னொரு சொல் இருக்கிறது: கிள்ளுக்கீரை. அதுவும் மதிப்பில்லாமல் நடத்துவதைச் சொல்வதுதான். ஆனால் "நான் கிள்ளுக்கீரை ஆகிவிட்டேன்" என்று யாராவது அழுவது உண்டா? கிடையாது. "என்னை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?" என்று எதிரில் நிற்பவனைக் கேட்கிற சொல் அது. வேலையில் இருக்கும்போதே, முகத்துக்கு நேரே கேட்பது. வேலை போன பிறகு திண்ணையில் உட்கார்ந்து சொல்வது கறிவேப்பிலை. இரண்டும் கீரைக்கடைச் சரக்குதான், ஆனால் எவ்வளவு வித்தியாசம்!

முதலாளிக்கும் சொற்கள் உண்டு. "நம்ம பையன்", "குடும்பம் மாதிரி", "விசுவாசமான ஆள்" என்பார்கள். காவலுக்கு வளர்க்கிற நாய்க்கும் அதே விசுவாசம் என்ற சொல்தான். பாராட்டுக்குச் செலவு ஒரு பைசா இல்லை. கூலி உயர்வு கேட்ட அன்றைக்கு அதே பையன் "உப்பிட்ட வீட்டை மறந்தவன்" ஆகிவிடுகிறான். நாமும் பதிலுக்கு "நன்றி கெட்டவன்" என்கிறோம். இங்கேதான் எனக்குச் சம்மதம் இல்லை. நன்றி என்று பேச ஆரம்பித்தால் கணக்கு முதலாளியின் மனசுக்குள் போய்விடுகிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று பேசிக்கொண்டிருப்போம். நமக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்ற கேள்வி வெளியே நின்றுவிடும்.

சட்டத்தின் பெயரிலேயே இந்த நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராஜுவிட்டியைத் தமிழில் பணிக்கொடை என்கிறார்கள். கொடையாம்! கர்ணன் கொடுத்தது கொடை. இது 1972ஆம் வருஷச் சட்டம் தந்த உரிமை. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் கணக்குப்போட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. தீபாவளி இனாம் என்று தட்டில் வைத்துக் கொடுத்ததும் 1965இல் போனஸ் சட்டம் வந்த பிறகுதான் உரிமையாயிற்று.

கூலி என்ற சொல் பட்ட பாட்டைப் பாருங்கள். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பலன். வள்ளுவரே உடல் வருந்திய முயற்சியின் பலனுக்கு அந்தச் சொல்லைத்தான் வைத்தார். இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத்துத் துரைமார் வாயில் அது மனிதனுடைய பெயராயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா போன காந்தியை, பாரிஸ்டராக இருந்தும், கூலி பாரிஸ்டர் என்றார்கள்.

அப்படியானால் நல்ல பெயர் வைத்தால் போதுமா? 2020இல் துப்புரவுப் பணியாளர்களுக்குத் தூய்மைப் பணியாளர்கள் என்று தமிழக சர்க்கார் பெயர் மாற்றியது. வரவேற்கவேண்டியதுதான். அதே வருஷம் மார்ச் 22ஆம் தேதி மாலையில் நாடு முழுவதும் மருத்துவ ஊழியருக்கும் அவர்களுக்கும் நன்றி என்று கைதட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். 2025 ஆகஸ்டு மாதம் சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியார் கம்பெனியிடம் எங்களைத் தள்ளாதே என்று மாநகராட்சி ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. கைதட்டிய சத்தம் அன்றைக்கு எங்கே போயிற்று?

இனி சம்பளப் பட்டியல். 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலேயே தோல் பதனிடும் தொழில் இருந்தது, விவசாயமும் இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத்தொகுப்பு வந்து, 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கிறது. இந்தத் தொகுப்புகள் நம்முடைய மற்ற உரிமைகளை எப்படி வெட்டின என்பது தனிப் பேச்சு. இன்றைக்கு வேண்டியது இதுதான்: அதில் தொழிலாளியை நான்கு வகையாகச் சொல்லியிருக்கிறது. திறன் இல்லாதவர், பாதித் திறன் உள்ளவர், திறன் உள்ளவர், மிகுந்த திறன் உள்ளவர்.

திறன் இல்லாதவர்! கட்டையில் தோலைப் போட்டுக் கத்தியால் சதை வழிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். கை கொஞ்சம் அழுந்தினால் தோலில் வெட்டு விழும். தரம் இறங்கும், விலை இறங்கும். சுண்ணாம்பில் ஊறிய தோல் பதமாகிவிட்டதா என்று விரலால் தொட்டே சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சேற்றில் குனிந்து, பின்னுக்கு நகர்ந்துகொண்டே, ஆழம் தப்பாமல் நாற்று நடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண் ஒரு தையல் கோணினால் ஜோடியே கழிவு. அவள் பத்து வருஷம் மிஷினில் உட்கார்ந்த பிறகும் பட்டியலில் "ஹெல்பர்" என்று எழுதியிருந்தால், அவளை மதிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? அந்தச் சொல்லுக்கும் "டெய்லர்" என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கும் ரூபாய் மாதாமாதம் யார் பையில் போகிறது? மேஸ்திரி அன்பாகப் பேசுவாரா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன சொல் போட்டிருக்கிறது, நீங்கள் உண்மையில் செய்கிற வேலை என்ன என்று இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாலிபத் தோழர்கள் படித்துக் காட்டுவார்கள். சீட்டே கொடுப்பதில்லை என்பவர்களும் வாருங்கள். உங்கள் பெயர்தான் நோட்டில் முதலில்.