தோப்புக்குள் ஏழு கல்லறைகள்

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளி கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்குச் சொந்தத் தோட்டத்திலேயே கல்லறை உண்டு. பள்ளிக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. அதன் மூலையில், இடுப்பளவு கற்சுவருக்குள் ஒரே குடும்பத்தின் ஏழு கல்லறைகள். மூன்றில் கருங்கல் பலகை. மற்றவை செங்கல் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அந்தப் பூச்சிலேயே எழுத்து வடித்தவை.

சில ஆண்டுகளுக்கு முன் தூய்மைப் பணி என்று மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். புதர் வெட்டினோம். பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்தோம். போகாத இடத்தில் கழிப்பறை கழுவும் ஆசிட்டை நானே ஊற்றினேன். நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நுரை அடங்கியபோது ஒரு கல்லறையில் எழுத்தே இல்லை.

பழைய சுண்ணாம்புப் பூச்சு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறும். இதை நாம் வகுப்பில் நடத்துகிறோம், தேர்வில் கேட்கிறோம். அன்று என் கண்முன் அந்த வினை நடந்தது, எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் தோப்புக்காரப் பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், பிள்ளைகளுக்கு ‘பாட்டா’. அந்தக் கல்லறை முன் கொஞ்ச நேரம் நின்றார். “எங்க அம்மைக்க அம்மை, டீச்சர். அம்மை விரல வச்சுத் தடவித்தான் எனக்கு எழுத்து காட்டித் தந்தா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறு ஆண்டு, அவரிடம் முறையாக அனுமதி கேட்டு, ஒன்பதாம் வகுப்போடு மீண்டும் போனேன். இம்முறை எதையும் தேய்க்கவில்லை. அளந்தோம், வரைந்தோம், படம் எடுத்தோம், படித்தோம்.

மங்கிய எழுத்தை உச்சி வெயிலில் படிக்க முடியாது. காலையிலோ மாலையிலோ, சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து தெரியும். மர நிழல் இருந்தால், ஒரு முகக்கண்ணாடியால் வெளிச்சத்தைச் சாய்வாகத் திருப்பினால் போதும்.

ஒரு கருங்கல்லில் ‘௧௦௯௪ ஐப்பசி’ என்றிருந்தது. தமிழ் எண்களைப் பிள்ளைகளே படித்துவிட்டார்கள். “1094ன்னா முதலாம் குலோத்துங்கன் காலமா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. அது கொல்லம் ஆண்டு. எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. இங்கே அக்காலத்தில் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்தது. அது பொது ஆண்டு 825இல் தொடங்குகிறது. ஆவணி முதல் மார்கழியின் நடுவில் டிசம்பர் முடியும் வரையுள்ள நாளுக்கு 824ஐயும், அதன் பின் ஆடி வரையுள்ள நாளுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். கூட்டினார்கள்: 1918, அக்டோபர்–நவம்பர்.

பக்கத்தில் ஒரு சிறிய கல்லறை. அதிலும் அதே ஆண்டு, அதே மாதம். தாயும் குழந்தையும்.

1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த இன்ஃப்ளுயன்சா, அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் நாடெங்கும் உக்கிரமாக இருந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பிள்ளைகள் உடனே அதைக் காரணம் என்று எழுதப் போனார்கள். நான் தடுத்தேன். கல்லில் இருப்பது ஆண்டும் மாதமும் மட்டுமே. ‘காய்ச்சலில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் போனார்கள்’ என்பது பாட்டா தம் தாயிடம் கேட்டது. இன்ஃப்ளுயன்சா என்பது நம் ஊகம். மூன்றையும் மூன்று தனிப் பத்திகளில் எழுதச் சொன்னேன். சான்று, வாய்மொழி, ஊகம் ஆகியவற்றின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் நடத்தியதில்லை.

பெயர் அழிந்த கல்லறைக்கும் ஒரு பக்கம் வைத்தோம். பாட்டாவுக்கு வீட்டில் அழைத்த செல்லப்பெயர் மட்டுமே நினைவிருந்தது. முழுப்பெயர் கிடைக்கவில்லை. ‘எழுத்து எப்படி அழிந்தது’ என்ற இடத்தில் நடந்ததை நானே எழுதிக் கையொப்பமிட்டேன்.

பிறகு தோப்பைப் பாகம் பிரித்து விற்கும் பேச்சு வந்தது. தொன்மைச் சின்னங்களுக்கான சட்டங்கள் முறையாக அறிவிக்கப்பட்ட சின்னங்களைத்தான் காக்கும். இப்படிப்பட்ட குடும்பக் கல்லறைக்கு அந்தக் குடும்பமே காவல். பிள்ளைகள் வரைந்த வரைபடத்தைப் பாட்டா, வெளியூரிலிருக்கும் தம் தம்பி மக்களுக்குக் காட்டினார். அவர்களில் இருவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. கடைசியில் இரண்டு சென்ட் நிலத்தையும், அதற்குப் போகும் நடைபாதையையும் விற்பனையிலிருந்து விலக்கிப் பத்திரத்தில் எழுதினார்கள். பாதையை எழுதாமல் விட்டால், கல்லறை இருந்தும் போய்ச் சேர வழியிருக்காது.

இந்தப் பணியில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள்:

குடும்பத்தாரின் அனுமதியும், தலைமை ஆசிரியர், பெற்றோர் ஒப்புதலும் முதலில் வேண்டும்.

புதருக்குள் பாம்பு இருக்கும். சாய்ந்த கல் விழும். பெரியவர்கள் சுத்தம் செய்த பிறகே பிள்ளைகள் உள்ளே போகட்டும்.

கழுவுவதற்கு முன் படமெடுத்து, எழுத்தை உள்ளது உள்ளபடி படியெடுங்கள். எழுத்துப் பிழையையும் திருத்த வேண்டாம்.

உறுதியான கருங்கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். உதிரும் சாந்துப் பூச்சைத் தொடவே வேண்டாம். ஆசிட், கம்பி பிரஷ், பெயின்ட் கூடாது. பழைய சுண்ணாம்புக் கட்டில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல் உதிரும். பழுது பார்க்கச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

பதிவேட்டை மூன்று படி எடுங்கள்: ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று பள்ளி நூலகத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு.

இப்போதும் ஆண்டுக்கொரு முறை ஒன்பதாம் வகுப்பை அங்கே அழைத்துப் போகிறேன். எழுத்து அழிந்த கல்லறையின் முன்தான் முதலில் நிற்போம். ஏன் இதில் பெயர் இல்லை என்று யாராவது கேட்பார்கள். நான் சொல்வேன்.